பிடி சரியாக இருக்கிறதா?

கடைக்குப் போய்க் கத்தி வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? முதலில் அலகைப் பார்க்கிறோம். பளபளப்பாக இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். கட்டை விரலைக் கூரின்மேல் மெதுவாக வைத்துப் பார்த்து, "பரவாயில்லை" என்று தலையை ஆட்டுகிறோம். அப்புறம் விலை பேசுகிறோம். பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறோம்.

பிடியைப் பற்றிய ஞாபகம் நமக்கு எப்போது வருகிறது? மூன்று மாதம் கழித்து, பாதி வெட்டிய பூசணிக்காயில் அலகு நின்றுவிட, பிடி மட்டும் தனியாகக் கையோடு வருகிறதே, அப்போதுதான்!

அலகு காய்க்காக ஏற்பட்டது. பிடி கைக்காக ஏற்பட்டது. அலகு மழுங்கினால் சமையல் அரை மணி தாமதமாகும், அவ்வளவுதான். பிடி ஆடினால் விரலுக்கு ஆபத்து. இருந்தும் நாம் விலை கொடுப்பது அலகுக்கு. பிடியை அதோடு இலவசமாக வந்த சாமானாகவே நினைக்கிறோம். கத்தியையே நம்பிப் பிழைக்கிறவர்கள் அப்படி நினைப்பதில்லை.

காத்திவாக்கமும் கத்தியும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் வடக்கே போனால் திருவொற்றியூர், விம்கோ நகர் ஆகியவற்றைத் தாண்டி, எண்ணூருக்கு முந்திய ஸ்டேஷன் காத்திவாக்கம். கத்திவாக்கம் என்றும் எழுதுவார்கள். ஊரின் பெயருக்கும் கத்திக்கும் சம்பந்தம் உண்டு என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் ஊருக்கும் கத்திக்கும் சம்பந்தம் நிறைய உண்டு.

கிழக்கே வங்காள விரிகுடா. மேற்கே பக்கிங்ஹாம் கால்வாய். வடக்கே கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த இந்த ஊர் தனி நகராட்சியாக இருந்து, 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. தொழிற்சாலைப் புகைபோக்கிகளும் மீனவர் குப்பங்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பிரதேசம். இறாலும் நண்டும் மடவையும் கொடுவாவும் முகத்துவாரம் கொடுத்த செல்வங்கள். அந்தச் செல்வத்துக்கும் சோதனை வராமல் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து வந்து, வலை, படகு எல்லாவற்றின்மேலும் கரியாகப் படிந்தது. மீன் வராத நாளில் வலைக்கு மட்டுமா ஓய்வு? மீன் விற்கும் கூடைக்கும், மீன் வெட்டும் கத்திக்கும் சேர்த்துத்தான் ஓய்வு.

"அக்கா, சங்கராவைச் சுத்தம் பண்ணிக் கொடுங்க!"

"இரு கண்ணு, முன்னால வந்தவங்களுக்கு முடிச்சுட்டுத் தரேன்!"

வடசென்னையின் எந்த மீன் மார்க்கெட்டிலும் கேட்கக்கூடிய பேச்சு இது. செதில் சுரண்டி, செவுள் எடுத்து, குடல் நீக்கி, துண்டு போட்டுக் கொடுக்கும் அந்தப் பெண்களுக்குக் கத்திதான் காரியாலயம், கத்திதான் சம்பளம். நாம் ஒரு நாளில் பத்து நிமிஷம் கத்தி பிடித்தால், அவர்கள் காலையிலிருந்து உச்சிப் பொழுது வரை பிடிக்கிறார்கள். அதுவும் எப்படிப்பட்ட கையால்? மீனின் கோழை, ரத்தம், ஐஸ் தண்ணீர் மூன்றும் சேர்ந்து வழுக்கும் கையால். கெளுத்தி மீனாக இருந்தால் முள் வேறு காத்திருக்கும்.

இந்த நிலையில் பிடி கொஞ்சம் திரும்பினால் என்ன ஆகும்? விரலில் வெட்டு விழும். சாதாரண வெட்டானால் மஞ்சளோ மருந்தோ போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். மீன் தண்ணீர் பட்ட வெட்டு அப்படிப்பட்டதல்ல. மீனும் இறைச்சியும் கையாளுகிறவர்களின் விரலில், சிறு கீறல் வழியாக ஒருவகைக் கிருமி புகுந்து, ஊதாச் சிவப்பாக வீங்கி வலிக்கும் வியாதி ஒன்று உண்டு. மீன்காரர் வியாதி என்றே வைத்தியர்கள் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கை வீங்கினால் நாலு நாள் வேலை இல்லை. நாலு நாள் வேலை இல்லாவிட்டால் வீட்டில் அடுப்பு எரிவது சிரமம். ஆகவே, அவர்களுக்குப் பிடி என்பது அழகு விஷயம் அல்ல, சோற்று விஷயம்.

லாரியிலிருந்து அலகு

பிடிக்கு வருமுன் அலகைப் பற்றி இரண்டு வார்த்தை. 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் கம்பெனி எண்ணூரில் கார்களைப் பூட்டி விற்றது. 1955-ல் அது அசோக் லேலண்ட் என்று பெயர் மாறி, லாரியும் பஸ்ஸுமாகச் செய்ய ஆரம்பித்தது. லாரியின் அடியில், வில்லைப்போல் வளைந்த எஃகுப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் அதுதான். வருஷக்கணக்கில் பாரம் தாங்கி, ஒரு நாள் முறிந்ததும், பட்டை காயலான் கடைக்குப் போகிறது. அங்கிருந்து கொல்லர் பட்டறைக்கு!

கைச் செய்கைக் கத்திக்கும் அரிவாளுக்கும் நம் நாட்டில் பெரும்பாலும் உபயோகப்படும் எஃகு இந்தப் பழைய ஸ்பிரிங் பட்டைதான். நூற்றில் அரைப் பங்குக்குச் சற்று மேலாகக் கரி கலந்த எஃகு அது. காய்ச்சி அடித்தால் சொன்னபடி கேட்கும், பதம் பார்த்து எண்ணெயில் தோய்த்தால் இறுகும், எளிதில் முறியாது.

சென்னையின் புறநகர்ச் சாலை ஓரங்களில், மத்தியப் பிரதேசத்திலிருந்தும் ராஜஸ்தானத்திலிருந்தும் வந்து கூடாரம் போட்டிருக்கும் கொல்லர் குடும்பங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். புருஷன் இடுக்கியில் பழுத்த இரும்பைத் திருப்பிப் பிடிக்க, மனைவி சம்மட்டியை ஓங்கி அடிப்பாள். வளையல் அணிந்த கைதான். ஆனால் அடி சற்றும் பிசகாது!

கையே அளவுகோல்

இனிப் பிடியைக் கவனிப்போம். நல்ல பிடிக்கு முதல் தேவை நல்ல மரம். கெட்டியாகவும் இருக்க வேண்டும். பிளக்காமலும் இருக்க வேண்டும். நம் ஊரில் ஆயுதப் பிடிக்குப் பேர்போனது கருவேல மரம். புளிய மரமும் கெட்டி. இறைச்சிக் கடைகளில் வெட்டுக் கட்டையாகக் கிடப்பது அதுதானே! கடலோர ஊர்களில் பூவரசுக்குப் பஞ்சமில்லை. கொய்யாக் கட்டையும் உதவும்.

எந்த மரமானாலும் பச்சையாக இருக்கக் கூடாது. பச்சை மரத்தில் பிடி போட்டால் இன்று இறுக்கமாக இருக்கும். காய்ந்ததும் சுருங்கிப் பிளக்கும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் நிழலில் காய வேண்டும் என்பது மர வேலைக்காரர்களின் பழைய கணக்கு. மரத்தின் ரேகை பிடியின் நீளவாக்கில் நேராக ஓட வேண்டும். ரேகை குறுக்காக வழிந்து ஓடினால், அந்த இடத்தில்தான் ஒரு நாள் விரிசல் விழும்.

பிடிக்கு எவ்வளவு நீளம் வேண்டும்? இஞ்சு டேப் வேண்டாம், உங்கள் கையே போதும். நான்கு விரல்களும் நெருக்கடி இல்லாமல் உட்கார்ந்து, அப்புறம் ஒரு விரல் இடம் மிச்சம் இருக்க வேண்டும். கனம் எவ்வளவு? பிடித்துப் பார்த்தால் விரல் நுனிகள் உள்ளங்கையின் சதைமேட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். நகம் உள்ளங்கையில் குத்தினால் பிடி ஒல்லி. நுனிகள் எட்டவே இல்லையானால் பிடி பருமன். ஒல்லிப் பிடியை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நாள் முழுவதும் இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது. கடையில் தொங்கும் கத்திகள் எல்லாக் கைக்கும் ஒரே அளவாக வருகின்றன. பெரிய கையும் சின்னக் கையும் அதற்கு ஒன்றே!

அடுத்தது உருவம். பிடி உருளையாக இருக்கக் கூடாது. விளக்குமாற்றுக் கட்டையைப்போல் உருண்டிருந்தால் ஈரக் கையில் சுழலும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் முட்டை வடிவமாக இருக்க வேண்டும். அலகு எந்த வாட்டத்தில் நிற்கிறதோ, அந்த வாட்டத்தில்தான் முட்டையின் நீளமும் இருக்க வேண்டும். இதில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும், கூர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கைக்குத் தெரியும். கண் வாடிக்கைக்காரரைப் பார்க்க, வாய் விலை சொல்ல, கை மீனை வெட்டும் பெண்மணிக்கு இது எவ்வளவு பெரிய உதவி!

நடுவில் லேசான புடைப்பு உள்ளங்கையின் குழிவை நிரப்பும். முன் பக்கத்தில் சிறு மேடு இருந்தால் விரல் வழுக்கி அலகின்மேல் போகாது. பின்பக்கம் சற்றே தடித்திருந்தால், இழுத்து வெட்டும்போது கத்தி கையை விட்டு நழுவாது. சுண்டு விரலுக்குக் கிடைக்கும் அந்தத் தடுப்பைச் சாமானியமாக நினைக்காதீர்கள்!

இவ்வளவையும் முதலில் உளியாலும் பட்டை அரத்தாலும் கொண்டு வந்து, பிறகு உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். கடைசியில் ஒரு யுக்தி இருக்கிறது. வழவழப்பாகத் தேய்த்த பிடியை ஈரத் துணியால் துடைத்துக் காய வைக்க வேண்டும். காய்ந்ததும் தொட்டுப் பார்த்தால் சொரசொரவென்றிருக்கும். படிந்து கிடந்த மர நார்கள் தண்ணீர் பட்டதும் எழுந்து நிற்கின்றன. மறுபடியும் தேய்க்க வேண்டும். இரண்டு, மூன்று தடவை இப்படிச் செய்தால், அப்புறம் தினமும் கழுவினாலும் பிடி சொரசொரக்காது. அதற்காகக் கண்ணாடியைப்போல் மெருகேற்றவும் கூடாது. கண்ணாடி கண்ணுக்கு அழகு. ஈரக் கைக்கு எதிரி.

மாட்டுவதில்தான் சூட்சுமம்

செதுக்கிய பிடியை அலகோடு சேர்ப்பதில் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி பழைய வழி. அலகின் பின்னால் வால்போல் ஒல்லியாக நீண்டிருக்கும் இரும்பைப் பிடிக்குள் செருகுவது. பிடியில் முதலில் வாலைவிடச் சிறியதாக ஒரு துளை போடுகிறார்கள். பிறகு வாலை மட்டும் நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் துளைக்குள் அழுத்துகிறார்கள். சூடு மரத்தைக் கரித்துக்கொண்டு, தனக்கு வேண்டிய இடத்தைத் தானே செய்துகொள்கிறது. வெளியே எடுத்துக் கரியைத் தட்டிவிட்டு, மறுபடியும் காய்ச்சி, மறுபடியும் செருகுகிறார்கள். இந்தச் சமயத்தில் அலகின்மேல் ஈரத் துணி சுற்றியிருக்க வேண்டும். சூடு கூர் வரை ஏறிவிட்டால் எஃகின் பதம் போய்விடும். பிடி உறுதியாக இருக்கும், கத்தி வெட்டாது!

கடைசி ஓர் அங்குலம் மட்டும் பாக்கி இருக்கும்போது காய்ச்சுவதை நிறுத்திவிடுவார்கள். அந்த ஓர் அங்குலம் தட்டித்தான் இறங்க வேண்டும். எங்கே தட்டுவது? அலகின் நுனியில் தட்ட முடியாது. அலகு மேலே இருக்கும்படி பிடித்துக்கொண்டு, பிடியின் அடியைக் கட்டையின்மேல் 'டொக், டொக்' என்று குத்துகிறார்கள். பிடி நின்றுவிடுகிறது, கனமான அலகு நிற்காமல் உள்ளே இறங்குகிறது. ஈர்க்கு விளக்குமாற்றின் தலையைத் தரையில் குத்தி நாம் இறுக்குகிறோமே, அதே சாஸ்திரம்தான்!

சிலர் துளைக்குள் அரக்குத் தூளோடு செங்கல் தூளையும் கலந்து நிரப்பி, சூடான வாலைச் செருகுவார்கள். அரக்கு உருகி, இண்டு இடுக்கெல்லாம் புகுந்து, ஆறியதும் கல்லாக இறுகுகிறது. ராஜாக்களின் வாளுக்கும் நம் நாட்டில் கைப்பிடி போட்டது அரக்கை வைத்துத்தான். நேபாளத்துக் குக்ரிக் கத்தியிலும் இப்படி ஒரு பிசின் கலவைதான் பிடியைத் தாங்குகிறது. அரக்கின் குணமும் குற்றமும் ஒன்றே: சூடு காட்டினால் இளகிவிடும். பிடி உடைந்தால் சூடு காட்டிக் கழற்றி வேறு பிடி போடலாம். ஆனால் கொதிக்கும் தண்ணீரில் கத்தியைப் போட்டுவிட்டு, "பிடி ஆடுகிறதே!" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. இந்தக் காலத்தில் பல பேர் அரக்குக்குப் பதிலாக, இரண்டு குழாய்களிலிருந்து பிதுக்கிக் கலக்கும் எபாக்சிப் பசையை உபயோகிக்கிறார்கள். அது பலமானதுதான்; ஆனால் இரும்பில் எண்ணெய்ப் பசை கொஞ்சம் இருந்தாலும் பிடிக்காது.

பிடியின் வாயில் ஒரு பூண் அவசியம். உலக்கைக்குப் பூண் எதற்கு? மரம் பிளக்காமல் இருக்கத்தானே! அதே காரியம்தான் இங்கேயும். அலகை ஆட்டி அசைத்து வெட்டும்போது, பிளக்க முயலும் வேகம் முழுவதும் பிடியின் வாயில்தான் வந்து சேருகிறது. ஒரு துண்டுப் பித்தளைக் குழாய் அந்த வேகத்தைக் கட்டிப்போடுகிறது.

இரண்டாவது வழியில், அலகின் இரும்பே பிடியின் நீளத்துக்குப் பட்டையாக ஓடும். இரு பக்கமும் மரத் துண்டு வைத்து, ஊடே ரிவிட் அடித்துவிடுகிறார்கள். இரும்பை இறுக்குவதற்கு முன்பே ரிவிட்டுக்குத் துளை போட்டுவிட வேண்டும். இறுகிய எஃகு துளைக்கு இணங்காது. ரிவிட்டை ஓங்கி அடித்தால் மரம் பிளக்கும். பட்டும் படாமலும் அடித்தால் ஆடும். எல்லாவற்றையும்விட முக்கியம், மரமும் இரும்பும் ஒட்டியிருக்கும் இடம். அங்கே முடி நுழையும் சந்து இருந்தாலும், மீன் ரத்தமும் உப்பும் உள்ளே போகும். வாடை போகாது, துரு பிடிக்கும். துருவுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: தான் தின்ற இரும்பு இருந்த இடம் அதற்குப் போதாது, அதைவிட அதிகமாகக் கேட்கும். உள்ளிருந்தே நெம்பி, நெம்பி மரத்தைப் பிளந்துவிடும். உப்புக் காற்று வீசும் எண்ணூர் போன்ற கடலோரத்தில் இந்தக் காரியம் இன்னும் துரிதமாக நடக்கிறது.

ஊருக்கு ஒரு பிடி

கைக்கு ஏற்ற பிடி என்ற தேடல் உலகம் முழுவதும் நடந்திருக்கிறது. ஜப்பானியர் லேசான மக்னோலியா மரத்தில் பிடி செய்து, வாயில் எருமைக் கொம்பால் பூண் போடுகிறார்கள். அவர்கள் மாட்டுவதும் நம் பழைய முறையில்தான்: வாலைக் காய்ச்சிச் செருகி, அடியில் தட்டுவது. பனி உறையும் பின்லாந்தில் பூர்ச்ச மரத்தின் பட்டையை வில்லை வில்லையாக அடுக்கிப் பிடி செய்கிறார்கள். குளிரில் தொட்டாலும் கை விறைக்காது, ஈரத்திலும் வழுக்காது.

நம்மவர்களோ இன்னும் ஒரு படி மேலே போய், பிடியே இல்லாத கத்தியைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அதுதான் அரிவாள்மனை! அலகைப் பலகையில் நிறுத்தி, பலகையைக் காலால் அழுத்திக்கொண்டால் இரண்டு கையும் மீனைப் பிடிக்க மிச்சம். பலகைதான் பிடி, கால்தான் கை. வங்காளத்துப் பெண்கள் 'போட்டி' என்றும், ஆந்திரத்தில் 'கத்திப்பீட்ட' என்றும் சொல்லி ஆளுவது இதையேதான். இதிலும் அலகும் பலகையும் சேரும் இடம் ஆடாமல் இருப்பதுதான் உயிர்நாடி.

மரப் பிடிக்கு இப்போது பெரிய போட்டி பிளாஸ்டிக். உள்ளதைச் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பிடி தண்ணீரைக் குடிக்காது, கழுவச் சுலபம். மீனும் இறாலும் ஏற்றுமதி செய்யும் தொழிற்சாலைகளில் மரச் சாமான்களையே தவிர்க்கச் சொல்கிறார்கள். ஆனால் பிளாஸ்டிக் பிடி உடைந்தால் கத்தி குப்பைக்குத்தான் போகும். மரப் பிடி உடைந்தால் வேறு பிடி போடலாம். நல்ல அலகு ஒன்று, தன் ஆயுளில் இரண்டு மூன்று பிடிகளைக் கண்டுவிடும். இன்னொரு விஷயம், மரப் பிடியை உங்கள் கைக்கு ஏற்றபடி இழைத்துக்கொள்ளலாம். பிளாஸ்டிக் பிடிக்கு உங்கள் கைதான் ஏற்றபடி மாற வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியது

அடுத்த முறை கத்தி வாங்கும்போது, அலகைத் தடவிப் பார்த்த பிறகு இவற்றையும் பாருங்கள். பிடியைக் கையில் பிடித்து, அலகைப் பலகையின்மேல் வைத்து இடமும் வலமும் அசையுங்கள். 'கட, கட' என்ற சப்தமோ அசைவோ இருந்தால் வைத்துவிடுங்கள். மரமும் இரும்பும் சேரும் இடத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். சந்து வழியாக வெளிச்சம் தெரியக் கூடாது. ரிவிட்டின்மேல் விரலை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் நாளைக்குத் தோலும் மாட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு, பாத்திரத் தொட்டியில் கத்தியை ஊறப் போடாதீர்கள். ஊறினால் மரம் உப்பும், காய்ந்தால் சுருங்கும். உப்பிச் சுருங்கி, உப்பிச் சுருங்கியே பிடி தளர்ந்துவிடும். கழுவி, துடைத்து, காற்றாட வையுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை ஆளிவிதை எண்ணெயை, அதாவது லின்சீட் எண்ணெயை, மெல்லியதாகத் தேய்த்துக் காய விடுங்கள். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுக்கும். லின்சீட் எண்ணெய் காய்ந்து மரத்துக்குப் போர்வையாகிவிடும். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடக் கூடாது. அந்த எண்ணெய்த் துணி தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப் போட்டுவிடுங்கள்.

பிடி ஆட ஆரம்பித்தால் துணி சுற்றி, நூல் கட்டி ஒப்பேற்றுவது நம் வீடுகளில் வழக்கம். அந்தத் துணி ஈரத்தையும் அழுக்கையும் சேமித்து வைக்கும் உண்டியல். உள்ளே என்ன ஆடுகிறது என்பதையும் மறைத்துவிடும். தச்சரிடமோ கொல்லுப் பட்டறையிலோ கொடுத்து, பிடியை மாற்றிக்கொள்வதே உத்தமம். தெருவில் சாணைச் சக்கரத்தோடு வருகிறவரிடம் கத்தியைக் கொடுக்கும்போதும் முதலில் பிடியைச் சோதித்துவிட்டுக் கொடுங்கள். ஆடும் பிடியில் கூர் ஏற்றுவது ஆபத்துக்குக் கூர் ஏற்றுவது போலத்தான்.

"கத்தியைக் கையில் கொடுக்காதே, கீழே வை, அவர்கள் எடுத்துக்கொள்ளட்டும்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். கையில் கொடுத்தால் சண்டை வரும் என்று காரணமும் சொல்வார்கள். சண்டை வருமோ வராதோ, கீழே வைத்த கத்தியை எடுப்பவர் முதலில் தொடுவது பிடியைத்தான். மீன் மார்க்கெட்டில் நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் பெண்மணியும் காலையில் கூடையை இறக்கியதும் முதலில் தேடுவது அதைத்தான். அது இறுகி இருந்தால், அன்றைய சோற்றைப் பற்றிக் கவலை ஒன்று குறைந்தது!